டார்வின் வீட்டுப் பிள்ளைகள் எழுதி வைத்தது

(நீண்ட நோய்க்குப் பின் மறைந்த ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு என்னை அழைத்த குடும்பத்தார் ஒரு நிபந்தனை போட்டார்கள். "அப்பாவைப் புகழ்ந்து பேச வேண்டாம். அவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும் என்கிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்றார்கள். அவருக்குச் செடி கொடி, பூச்சி, பறவை என்றால் உயிர். அதனால் சார்லஸ் டார்வினைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பரிணாமக் கொள்கையைப் பற்றி அல்ல. வாழ்நாளில் பாதிக்கு மேல் நோயாளியாக இருந்த டார்வின், பத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவாக இருந்த டார்வின், எம்மா என்கிற பெண்ணுக்குப் புருஷனாக இருந்த டார்வின். அந்த மனிதரை அவர் வீட்டார் எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். "பாசமிகு தந்தை, அன்புக் கணவர்" என்ற இரண்டு சொற்றொடர்களும் நம் ஊரில் ஒவ்வொரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இருக்கின்றன. பொய் இல்லை, பெரும்பாலும் உண்மைதான். ஆனால் படத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் அதே வாசகம் அடுத்த வீட்டுக்காரருக்கும் பொருந்திவிடும். போனவர் யார் என்பது அதில் இல்லை. நெடுநாள் நோயில் இருந்து போனவர் என்றால் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. கடைசி வருஷங்கள் முந்தைய வருஷங்களை மூடிவிடுகின்றன. அப்பா என்றதும் கட்டில், மாத்திரை டப்பா, ஸ்கேன் ரிப்போர்ட் உள்ள ஃபைல், இரவு இரண்டு மணிக்கு வரும் இருமல் சத்தம் இவைதான் முதலில் வருகின்றன. அதற்கு முன்னால் அறுபது வருஷம் அவர் வாழ்ந்திருக்கிறார். அந்த மனிதரை எப்படித் திரும்பப் பிடிப்பது? டார்வின் குடும்பம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. அந்த வழியைக் கற்றுக்கொடுத்தவரும் டார்வின்தான்.

முதலில் அவருடைய நோயைப் பார்ப்போம்.

1831 டிசம்பர் 27-ஆம் தேதி பீகிள் கப்பலில் ஏறியபோது டார்வினுக்கு வயது 22. ஐந்து வருஷம் உலகைச் சுற்றினார். தென் அமெரிக்காவில் நாள் முழுக்கக் குதிரையில் போனார், ஆண்டீஸ் மலையைக் கடந்தார், கண்ட இடத்தில் படுத்துத் தூங்கினார். அப்படிப்பட்ட ஆள் 1836-இல் இங்கிலாந்து திரும்பிய மறு வருஷமே நெஞ்சு படபடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாந்தி, வயிற்றுப் பொருமல், தலைவலி, தோல் அரிப்பு, எழுந்து நிற்க முடியாத அசதி என்று ஒன்று மாற்றி ஒன்று. யாராவது விருந்தாளி வந்து அரைமணி நேரம் உற்சாகமாகப் பேசினால், அன்று இரவு தூக்கம் கிடையாது. நாற்பது ஆண்டுகளில் சாதாரண மனிதனுக்கு உள்ள உடல்நலம் ஒரு நாள்கூட அப்பாவுக்கு வாய்த்ததில்லை என்று மகன் ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார்.

என்ன நோய்? இன்றுவரை முடிவாகத் தெரியாது. தென் அமெரிக்காவில் 1835-இல் ஒரு பெரிய கறுப்புப் பூச்சி தன்னைக் கடித்ததை டார்வினே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பூச்சி பரப்பும் சாகஸ் நோயாக இருக்கலாம் என்று 1959-இல் சால் ஆட்லர் என்ற ஆய்வாளர் சொன்னார். பால் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றார்கள் சிலர். மனக்கவலை என்றார்கள் வேறு சிலர். அந்தக் காலத்து மருத்துவர்களும் அவரவர்க்குத் தோன்றியதைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1849-இல் மால்வர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லியிடம் நீர் சிகிச்சைக்குப் போனார். விடியற்காலையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் உடம்பைத் தேய்ப்பது, ஈரத் துணியைச் சுற்றிப் படுக்க வைப்பது, கடுமையான பத்தியம். குடும்பம் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு அவரோடு போய்த் தங்கியது.

அந்த வருஷம் ஜூலையிலிருந்து டார்வின் ஒரு பதிவேடு வைத்துக்கொண்டார். பகல் எப்படி இருந்தது, இரவு எப்படி இருந்தது என்று நாள்தோறும் ஒரு வரி. நன்றாக இருந்த நாட்களுக்கு இரட்டைக் கோடு. மாதக் கடைசியில் எத்தனை இரட்டைக் கோடு என்று கூட்டிக்கொள்வார். இப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் எழுதினார். வீட்டில் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் நோட்டுப் போட்டு எழுதுகிற பெரியவர்கள் உள்ளவர்களுக்கு இந்தப் பதிவேடு அந்நியமாகத் தெரியாது.

இனி எம்மா. மணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று 1838-இல் டார்வின் ஒரு தாளை இரண்டாகப் பிரித்துச் சாதகபாதகங்களை எழுதிப் பார்த்தார். வேண்டாம் என்ற பக்கத்தில் நேரம் வீணாகும் என்று வருத்தப்பட்டிருக்கிறார். கடைசியில் வேண்டும் என்ற பக்கம் ஜெயித்தது. 1839 ஜனவரி 29-இல் எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார். எம்மா வேறு யாருமில்லை, டார்வினின் அம்மாவுடன் பிறந்த தம்பி மகள். நம் கணக்கில் சொந்த மாமன் மகள், முறைப்பெண். 1842 செப்டம்பரில் லண்டனை விட்டு, கென்ட் மாவட்டத்தில் டவுன் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். சாகும்வரை டார்வின் இருந்தது அந்த வீட்டில்தான்.

எம்மா சின்ன வயதிலிருந்தே பியானோ நன்றாக வாசிப்பவர், பல மொழி தெரிந்தவர், ஊர் சுற்றியவர். திருமணத்துக்குப் பிறகு வருஷக்கணக்கில் அவர் வேலை என்ன? வயிற்றிலும் தோளிலும் பிள்ளைகள், பக்கத்தில் ஒரு நோயாளி. டார்வினின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால் அதில் எம்மா வந்து வந்து போகிறார். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை எழுத்து. பிறகு தபால் வரும், அவர் சோபாவில் படுத்துக்கொள்ள எம்மா கடிதங்களையும் நாவலையும் உரக்கப் படிப்பார். மறுபடி நண்பகல் வரை வேலை, பிறகு நடை. மதியம் மூன்று மணிக்கு மறுபடி படுக்கை, மறுபடி நாவல். சோகமாக முடிகிற நாவல் டார்வினுக்கு ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பகடை உருட்டி பேக்கேமன் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள், அதன் பிறகு எம்மா பியானோ வாசிப்பார். அந்த ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கையும் டார்வின் விட்டுவைக்கவில்லை. 1876-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், எம்மா ஜெயித்தது 2490 ஆட்டம், தான் ஜெயித்தது 2795 என்று சிறுபிள்ளை போலக் குதிக்கிறார். உலகமே திரும்பிப் பார்த்த விஞ்ஞானி மனைவியை 305 ஆட்டம் கூடுதலாக ஜெயித்ததைக் கடல் கடந்து சொல்கிறார்!

இந்த இருவருக்கும் நடுவில் தீராத ஒரு வருத்தம் இருந்தது. எம்மா ஆழ்ந்த தெய்வ நம்பிக்கை உள்ளவர். கணவருக்கு அந்த நம்பிக்கை நழுவிக்கொண்டே போனது. கல்யாணமான புதிதில் எம்மா ஒரு கடிதம் எழுதினார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம்! இறந்த பிறகு நாம் இருவரும் சேர்ந்திருக்க மாட்டோமோ என்ற பயம் அதில் இருக்கிறது. டார்வின் அதற்கு வாதம் செய்து பதில் எழுதவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதன் அடியில் பிற்காலத்தில், தான் இறந்த பிறகு எம்மா பார்க்கட்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். பல முறை இந்தக் கடிதத்தை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்பது அந்தக் குறிப்பின் சாரம். கருத்து ஒத்துப்போகாத கணவன் மனைவி எப்படி வாழ்வது என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

டார்வினும் எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார், 1844 ஜூலையில். தன் கொள்கையின் சுருக்கத்தை அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். திடீரென்று தான் இறந்துவிட்டால் அதை வெளியிட 400 பவுண்டு ஒதுக்க வேண்டும், தகுந்த ஒரு பதிப்பாசிரியரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். தன் மனைவியின் நம்பிக்கைக்கே எதிராகப் போகக்கூடிய நூலை அந்த மனைவியிடமே ஒப்படைக்கிறார். செய்வாள் என்று தெரியும். அந்த நம்பிக்கைக்கு மேல் ஒரு தாம்பத்தியத்தில் என்ன வேண்டும்?

இனி அப்பாவாக டார்வின். நாம் படங்களில் பார்க்கிற விக்டோரியா காலத்து அப்பாக்கள் விறைப்பானவர்கள். பிள்ளைகள் கண்ணில் படலாம், வாய் திறக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. டவுன் வீட்டில் அந்த விதி செல்லவில்லை. டார்வின் நுண்நோக்கியில் பார்க்க உட்காரும் சக்கரம் வைத்த முக்காலியில் ஏறி, தடியால் தள்ளிக்கொண்டு பிள்ளைகள் வரவேற்பறையில் படகு விட்டார்கள். மாடிப்படியில் பலகையைச் சாய்த்துச் சறுக்கினார்கள். சோபாவில் குதிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. மகன் லெனர்ட் குதித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, இது சட்டத்துக்கு விரோதமாயிற்றே என்றார். அப்படியானால் நீங்கள் வெளியே போய்விடுவது நல்லது என்று பையன் சொல்லிவிட்டான். இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவர் டார்வின்.

நான்கு வயது மகன் ஒருவன், வேலை நேரத்தில் அப்பாவை விளையாட வெளியே வரச்சொல்லி ஆறு பென்ஸ் லஞ்சம் கொடுக்கப் பார்த்தானாம். வேலை நேரம் எவ்வளவு புனிதம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையில் அடிபட்டால் ஒட்டுப்போட பிளாஸ்திரி அப்பாவின் அறையில்தான் இருக்கும். கயிறு, கத்தரிக்கோல், சுத்தியல் எல்லாம் அங்கேதான். பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டே இருப்பார்கள். நாலாவது ஐந்தாவது தடவையில் பொறுமையோடு ஒரு பார்வை பார்த்து, இன்னொரு தடவை வராமல் இருக்க முடியுமா, இன்று நிறையத் தடங்கல் ஆகிவிட்டது என்பாராம். அதுதான் அவர் கோபத்தின் உச்சம். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் கையெழுத்துப் பிரதியில் இன்று எஞ்சியிருக்கும் தாள்கள் மிகக் குறைவு. அவற்றில் சிலவற்றின் பின்புறத்தில் காய்கறிகள் மேல் ஏறிச் சண்டை போடும் வீரர்களைப் பிள்ளைகள் வரைந்திருக்கிறார்கள். பிள்ளைகள் கிறுக்கியதால்தான் அந்தத் தாள்கள் தப்பின என்றுகூடச் சொல்லலாம்.

மூத்தவன் வில்லியம் பிறந்த ஏழாம் நாள் அவன் உள்ளங்காலில் ஒரு காகிதத் துண்டால் தொட்டு, கால் விரல்களை அவன் எப்படி மடக்குகிறான் என்று குறித்துக்கொண்டார் டார்வின். பூச்சியைப் பார்த்த கண்ணாலேயே பிள்ளையையும் பார்த்தார். இதை யாராவது கல்நெஞ்சம் என்று நினைத்தால், அவர்களுக்குப் பதில் ஆனியின் கதையில் இருக்கிறது.

ஆனி இரண்டாவது குழந்தை, மூத்த பெண். 1850-இலிருந்து உடம்பு தேறாமல் இருந்தாள். 1851 மார்ச்சில் மால்வர்னுக்கு அழைத்துப் போய், தன்னைக் கவனித்த அதே டாக்டர் கல்லியிடம் விட்டு வந்தார். ஏப்ரலில் நிலைமை மோசமாகி அழைப்பு வர, டார்வின் ஓடினார். எம்மா போக முடியவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி. அதனால் டார்வின் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி கடிதம் எழுதினார். எத்தனை கரண்டி கஞ்சி குடித்தாள், நாடி எப்படி, எப்போது வாந்தி, எப்போது ஒரு வார்த்தை பேசினாள் என்று எல்லாம். ஒரு கடிதத்தில் நம்பிக்கை, அடுத்ததில் அது போய்விடுகிறது. ஏப்ரல் 23-ஆம் தேதி நண்பகலில் ஆனி இறந்தாள். வயது பத்து. மறுநாளே, அடக்கத்துக்குக்கூட நிற்காமல், டார்வின் மனைவியிடம் திரும்பினார். மூன்று வாரத்தில் ஹொரஸ் பிறந்தான்.

ஆனி போன ஏழாம் நாள், ஏப்ரல் 30-ஆம் தேதி, டார்வின் உட்கார்ந்து அவளைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். அச்சுக்காக அல்ல. ஏன் எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். இன்னும் பல வருஷம் நாங்கள் உயிரோடு இருந்தால், இப்போது எழுதி வைப்பவைதான் அவளை எங்களுக்குத் தெளிவாகக் கொண்டுவந்து காட்டும் என்பது அவர் கணக்கு. மறந்துபோவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. துக்கம் மறக்காது, ஆனால் துக்கம் யாருக்காகவோ அந்த ஆளின் முகம் தேய்ந்துபோகும். ஒரு விஞ்ஞானிக்கு இது தெரியும். கண்டதை அன்றைக்கே எழுதாவிட்டால் அது கண்டதாகவே ஆகாது.

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது? அவருக்கு மூக்குப்பொடிப் பழக்கம் உண்டு. அதைக் குறைப்பதற்காகப் பொடி ஜாடியை அறையில் வைக்காமல் கூடத்தில் வைத்திருந்தார்கள். ஆனி ஒரு சிட்டிகையைத் திருடிக்கொண்டு படியில் ஓடி வருவாள். கொடுக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் உடம்பே பூரித்திருக்கும். அரைமணி நேரம் அப்பாவின் தலையை வாரி அழகாக்குகிறேன் என்பாள். தோட்டத்து நடைபாதையில் அவர் வேகமாக நடக்க, அவள் முன்னால் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டு போவாள். கடைசிப் படுக்கையில் தண்ணீர் கொடுத்தபோதும் மறக்காமல் நன்றி சொன்னாள். அந்தப் பக்கங்களில் நோயும் இருக்கிறது, ஆனால் சிறிய இடத்தில். பெரிய இடம் பொடியைத் திருடி ஓடிவரும் சிறுமிக்கு. எம்மா தன் பங்குக்கு ஆனியின் எழுதுபெட்டியைக் கடைசிவரை வைத்திருந்தார். பேனா, காகிதம், ஊசிநூல் என்று அவள் விட்டுப்போனபடியே. டார்வினின் கொள்ளுப்பேரனின் மகன் ரேண்டல் கெய்ன்ஸ் அந்தப் பெட்டியைக் கண்டெடுத்து 2001-இல் ஒரு நூலே எழுதினார்.

பத்துப் பிள்ளைகளில் மூன்று குழந்தைகளை அவர்கள் பறிகொடுத்தார்கள். கடைக்குட்டி சார்லஸ் வேரிங் 1858 ஜூன் 28-இல் சிவப்புக் காய்ச்சலில் போனான். ஜூலை முதல் தேதி லண்டனில் லின்னேயன் சங்கத்தில் டார்வின், அதே கொள்கையைத் தனியாக எட்டிய வாலஸ் இருவரின் கட்டுரைகளும் முதல்முறையாக வாசிக்கப்பட்டன. அறிவியல் வரலாற்றில் அது பெரிய நாள். டார்வின் அங்கே இல்லை. அன்று மகனை அடக்கம் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் கதையை இனிப்பாக மட்டும் சொன்னால் அது இன்னொரு சுவரொட்டி ஆகிவிடும். நெடுநாள் நோய்க்கு ஒரு விலை உண்டு. அதை வீட்டில் உள்ளவர்கள்தான் கொடுக்கிறார்கள். டார்வினின் பேத்தி க்வென் ராவரட் 1952-இல் எழுதிய 'பீரியட் பீஸ்' என்ற நினைவுநூலில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார். அந்த வீட்டில் உடம்பு சரியில்லாமல் இருப்பதுதான் இயல்பு என்று ஆகிப்போனது, நோயாளிக்குத்தான் அத்தனை அன்பும் அனுதாபமும் கிடைத்தன, அதனால் பிள்ளைகளும் நோயாளி ஆகக் கற்றுக்கொண்டார்கள் என்கிறார். மகள் ஹென்றியட்டாவுக்கு இளம் வயதில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காலை உணவைப் படுக்கையில் சாப்பிடச் சொன்னார் மருத்துவர். வாழ்நாள் முழுக்க அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. யாருக்காவது சளி என்றால், சமையலறைக் கம்பி வடிகட்டிக்குள் மருந்துப் பஞ்சு அடைத்து மூக்கில் கட்டிக்கொண்டு பேசுவார்! அத்தையைப் பற்றி க்வென் எழுதியதைச் சிரிக்காமல் படிக்க முடியாது. ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு எச்சரிக்கை இருக்கிறது.

டார்வினுக்கும் ஒரு பயம் இருந்தது. பிள்ளைகளின் பலவீனத்துக்குத் தன் உடம்பும், உறவுக்குள் தான் செய்த கல்யாணமும்தான் காரணமோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கையால் வரும் கெடுதலை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் அல்லவா? 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார். நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் தனியாக அதை ஆராய்ந்தார். முறைப்பெண்ணைக் கட்டுவது நம்மிலும் வழக்கம் என்பதால், அந்தத் தகப்பனின் கவலை நம் வீடுகளில் பலருக்குச் சொல்லாமலே புரியும்.

ஆனால் விலை கொடுத்தது ஒரு பக்கம் மட்டும் அல்ல. நோயாளியும் மற்றவர்களைத் தாங்கினார். 1876-இல் ஃபிரான்சிஸின் மனைவி ஏமி, பிள்ளை பெற்ற சில நாட்களில் இறந்துபோனார். 67 வயது டார்வினும் 68 வயது எம்மாவும் மகனையும் கைக்குழந்தையையும் தங்கள் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். பேரன் பெர்னார்டு தாத்தா வீட்டிலேயே வளர்ந்தான். மனைவியை இழந்த மகனுக்கு டார்வின் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை, தன் பக்கத்தில் உட்காரவைத்து வேலை கொடுத்தார். 1880-இல் வந்த 'தாவரங்களில் இயங்கும் ஆற்றல்' நூலின் தலைப்புப் பக்கத்தில் ஃபிரான்சிஸ் பெயரும் இருக்கிறது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று சோதிக்க ஃபிரான்சிஸ் பஸூன் என்ற குழலை ஊதினார், எம்மா பியானோ வாசித்தார். புழுக்கள் அசையவில்லை. ஆனால் துக்கம் நடந்த வீட்டில் மறுபடி சங்கீதம் கேட்டது.

கடைசி நாட்களுக்கு வருவோம். 1881 டிசம்பரில் லண்டனில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் நெஞ்சுவலி வந்தது. 1882 மார்ச்சில் தோட்டத்து நடைபாதையில் மறுபடி வந்தது. தினமும் சுற்றி நடக்கும் பாதை அது. அதன் பிறகு தனியாகப் போகப் பயந்தார். ஏப்ரல் 17-ஆம் தேதி ஃபிரான்சிஸ் ஊரில் இல்லாததால், மகன் செய்துகொண்டிருந்த சோதனையின் அளவை எழுந்துபோய்த் தானே குறித்துவைத்தார். மறுநாள் நள்ளிரவில் கடுமையான வலி. 19-ஆம் தேதி மாலை நாலு மணிவாக்கில் இறந்தார். வயது 73. பக்கத்தில் இருந்த எம்மா, அவர் சொன்னவற்றைப் பிறகு எழுதி வைத்தார். சாவுக்குப் பயமில்லை என்றார், நீ எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைவில் வை என்றார், பிள்ளைகள் என்னிடம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்று அவர்களிடம் சொல் என்றார். உன் கையால் பணிவிடை பெறுவதற்காகவே நோயாளியாக இருக்கலாம் போல என்றும் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷம் பணிவிடை செய்த ஒரு பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன சம்பளம் வேண்டும்?

உள்ளூர்க் கல்லறையில் புதைக்கத்தான் குடும்பம் நினைத்தது. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ள, ஏப்ரல் 26-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனுக்குச் சற்றுத் தள்ளி அடக்கம் செய்தார்கள். எம்மா போகவில்லை, டவுனிலேயே இருந்துவிட்டார். துக்கத்துக்கு முதல் ஆளாக அங்கே உட்கார்ந்திருந்தவர் மூத்த மகன் வில்லியம். வழுக்கைத் தலையில் குளிர்காற்று படுகிறதே என்று கறுப்புக் கையுறைகளைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டார்! அத்தனை பெரிய மனிதர்கள் கூடிய ஆலயத்தில், உடம்பைப் பற்றிப் பயந்த ஒரு வீட்டின் பிள்ளை தான் என்று அவர் நிரூபித்துவிட்டார். இதையும் க்வென்தான் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். 1887-இல் ஃபிரான்சிஸ் தன் அப்பாவின் வாழ்க்கையையும் கடிதங்களையும் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதில் அப்பாவின் அன்றாட வாழ்க்கை என்று ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. அப்பா ஆனிக்கு எழுதிய அதே முறையில் மகன் அப்பாவுக்கு எழுதினார். அப்பா நடக்கும்போது பூண் போட்ட கைத்தடி தரையில் தாளமாகக் கேட்கும் சத்தம். குளிருக்கு உடம்பில் சுற்றிய சால்வை, வீட்டுக்குள் போடும் தளர்ந்த துணிச் செருப்பு. கனமான புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாமல் இரண்டாகக் கிழித்துக்கொள்கிற துணிச்சல். பைத்தியக்காரக் கடிதம் வந்தாலும் பதில் எழுதாமல் தூங்க முடியாத மனசு. பூவின் இதழை ஒரு விரலால் மெல்லத் தொடும் விதம். காட்டில் அசையாமல் நின்றபோது அணில் குஞ்சுகள் மரமென்று நினைத்து அவர் முதுகில் ஏற, தாய் அணில் மரத்திலிருந்து கத்திய கதை. அத்தியாயத்தின் முடிவில்தான் நோய் வருகிறது. அதைப் பேசும்போதே, அந்தப் பாரத்தை அவர் தாங்கியது அம்மாவால்தான் என்று சொல்லி முடிக்கிறார்.

இப்படி எழுதிவைத்ததால் இன்னொரு பயனும் வந்தது. 1915-இல் லேடி ஹோப் என்பவர், டார்வின் மரணப் படுக்கையில் தன் கொள்கையைக் கைவிட்டு மதத்துக்குத் திரும்பினார் என்று ஒரு கதையைக் கிளப்பினார். 1922-இல் ஹென்றியட்டா பதில் எழுதினார். அப்பாவின் மரணப் படுக்கையில் நான் இருந்தேன், அந்த அம்மாள் இல்லை என்று. செத்தவர் வந்து மறுக்க முடியாது. எழுதி வைத்தவர்கள்தான் அவருக்கு வக்கீல்கள். ஆனால் வீட்டாரும் முழு நேர்மையோடு இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1876-இல் டார்வின் பிள்ளைகளுக்காகத் தன் வரலாற்றை எழுதினார். 1887-இல் அது அச்சானபோது, மதம் பற்றிய சில பகுதிகளை எம்மாவின் வருத்தத்துக்காக நீக்கினார்கள். 1958-இல்தான் பேத்தி நோரா பார்லோ முழுவதையும் வெளியிட்டார். அன்பு சில சமயம் கத்தரிக்கோலையும் எடுக்கும். உங்கள் வீட்டில் எடுத்தாலும், வெட்டிய துண்டை எரித்துவிடாதீர்கள், வைத்திருங்கள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்களில் பலர் வீட்டில் இப்போது படுக்கையில் ஒருவர் இருக்கலாம். பேசுகிற நிலையில் இருந்தால் அவர் கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். டார்வின் தன் பிள்ளைகளுக்காகச் செய்தது அதுதான். கவனித்துக்கொள்கிறவர் யாரோ, பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் மருமகள், அவர் பெயரையும் அதே நோட்டில் எழுதுங்கள். அவர் விட்டுக்கொடுத்தது என்ன என்பதையும் எழுதுங்கள்.

ஒருவர் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும். "நல்லவர், வல்லவர்" வேண்டாம். சைக்கிளில் எப்படி ஏறுவார், யாரைத் திட்டும்போது எந்தச் சொல் வரும், சம்பள நாளில் என்ன வாங்கி வருவார், அம்மாவை எப்படிக் கூப்பிடுவார், எதற்குப் பயப்படுவார். நோயையும் எழுதுங்கள், அதற்கு உரிய அளவு இடம் கொடுத்து. குறைகளையும் எழுதுங்கள், பேரப்பிள்ளைகள் நம்புவதற்கு அதுதான் அத்தாட்சி. காரியத்துக்கு வருகிற பழைய நண்பர்களிடமும் அந்த நோட்டைக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாத இருபது வயது அப்பா அவர்களிடம்தான் இருக்கிறார்.

இந்தக் குடும்பத்தார் ஒரு நோட்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகுமுன், அவரை அறிந்தவர்கள் அதில் ஆளுக்கு நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.